ப்ளாக்ஹார்னின் கடைசி வெள்ளிக்கிழமை

எங்கள் கம்பெனியின் சாவுக்கு நாள் குறித்தவனுக்கு விஸ்கான்சினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரிந்திருந்தால் நவம்பர் மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்று எழுதியிருக்க மாட்டான். மறுநாள் விடிந்தால் மான் வேட்டை தொடக்கம். அந்த வெள்ளிக்கிழமையில் எங்கள் ஊரில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். முடிந்தால் சாகவும் மாட்டார்கள். துப்பாக்கிகள் வண்டிக்குள் ஏறியிருக்கும், வண்டிகள் வடக்கே பார்த்து நிற்கும்.

ப்ளாக்ஹார்ன் என்பது, மரத் தடத்தில் உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் பந்தின் பெயர், எங்கள் கம்பெனியின் பெயரும் அதுதான். பந்தின் மேல் எருமைக் கொம்பு ஒன்று வெட்டியிருப்போம். நான் அங்கே இருபத்தாறு வருஷம் பந்து தேய்த்தேன். அச்சிலிருந்து கரடுமுரடாக வரும் பந்தை ஈர உப்புக் காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து, அதில் என் மூக்கு தெரிகிற வரைக்கும் கொண்டுவர வேண்டும். ஒரு பந்தில் மூக்கு தெரிந்ததும் அடுத்த பந்து. அவ்வளவுதான் வேலை. தோள்பட்டைக்குத் தெரியும் அது எவ்வளவு என்று.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அட்லாண்டாவிலிருந்து கோர்லண்ட் என்றொரு கம்பெனி எங்களை வாங்கியது. தாய்க் கம்பெனி என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு தடவை வரும், நாங்கள் எத்தனை பேர் என்று எண்ணும், கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகும். போன கோடையில் ப்ளாக்ஹார்ன் திவால் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் அந்தத் திவாலான கம்பெனியை எடுத்துக்கொள்ள ஒரு புண்ணியவான் முன்வந்தான். யார் என்று பார்த்தால் அதே கோர்லண்ட்.

"பிள்ளையப் பட்டினி போட்டுட்டு, ஐயோ இளைச்சுட்டானேன்னு தூக்கி வாயில போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு," என்றான் டுவேன். டுவேன் எங்கள் பௌலிங் அணியின் தலைவன், தொழிற்சாலையில் பந்துகளைப் பெட்டியில் அடைக்கிறவன், வாயை மட்டும் எப்போதும் அடைக்காதவன்.

வேலை போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அதே அச்சு, அதே பிசின், அதே நாங்கள். கொம்புக்குப் பதிலாகக் கோர்லண்டின் நட்சத்திரம். பெயர்தான் போகிறது என்று எல்லோரும் தோளைக் குலுக்கிவிட்டோம். ஆர்லீனால் மட்டும் அப்படி விட முடியவில்லை.

ஆர்லீன் வாச்சல் பந்துக்கான பிசினை அச்சில் ஊற்றும் அறையில் முப்பது வருஷமாக இருப்பவள். எங்கள் அணியில் நான்காவதாகப் பந்து போடுபவள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் கேண்டீனில், காபி மெஷினுக்கு மேலே, ஓக் மரப் பலகை ஒன்று உண்டு. தொழிற்சாலை ஆள் யாராவது எங்கள் பந்தாலேயே ஒரு முழு ஆட்டம் போட்டால், அதாவது பன்னிரண்டு தடவை வீசி, பன்னிரண்டு தடவையும் பத்துக் கட்டைகளையும் ஒரே வீச்சில் சாய்த்து முந்நூறு எடுத்தால், பலகையில் அவர் பெயர் ஏறும், விரலில் ஒரு மோதிரம் ஏறும். முப்பத்தேழு வருஷத்தில் முப்பத்தொரு பெயர்கள். டுவேன் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆர்லீன் பெயர் இல்லை. எண்பத்து மூன்றில் அவள் பதினோரு தடவை சாய்த்தாள். பன்னிரண்டாவது வீச்சில் வலது மூலைக் கட்டை மட்டும் நின்றுவிட்டது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அதற்குப் பிறகு டுவேன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பதினைந்து வருஷமாகத் தினமும் காலையில், "என்ன இருநூத்தித் தொண்ணூத்தொம்போது, காபி ஆச்சா?" என்பான்.

கோர்லண்டின் சட்டப்படி சொந்த ஆட்களுக்குப் பரிசு கிடையாது, பலகையும் கிடையாது. ஆக, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பலகை மூடிவிடும்.

அன்று வேட்டைக்காகத் தொழிற்சாலையை மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஸ்டாஷ் கடையில் எங்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தையும் இரண்டரைக்கே வைத்துக்கொண்டோம். கடை என்றால் பன்னிரண்டு தடங்கள், ஒரு மதுக்கூடம், பின்னால் மீன் பொரிக்கிற அடுப்பு. மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, மீனைத் தின்றுவிட்டு, வடக்கே கிளம்புவதாகத் திட்டம். அட்லாண்டாவிலிருந்து ஓர் ஆள் வந்து ஐந்து மணிக்குக் கம்பெனி முடிந்தது என்று காகிதம் வாசிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். கேண்டீனில் வாசித்தால் காபி மெஷின்தான் கேட்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, அவரும் ஸ்டாஷ் கடைக்கே வருவதாக ஏற்பாடு.

முதல் ஆட்டத்தில் ஆர்லீன் நூற்று எழுபத்தொன்று. இரண்டாவதில் நூற்று நாற்பத்தெட்டு. பந்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அவ்வளவுதான், எர்ல். எனக்கு ரெண்டு துண்டு மீன் சொல்லு. வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"இன்னும் ஒரு ஆட்டம் இருக்கே," என்றேன்.

"இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

டுவேன் விடவில்லை. "அட, இருநூத்தித் தொண்ணூத்தொம்போது! பாதி எடுத்தாக்கூடப் போதும். பாதின்னா நூத்து நாப்பத்தொம்போதரை. அதுவும் அரை கட்டை மிச்சத்துலதான் வரும் பாரு."

அவள் எழுந்து போய் வீசினாள். பத்தும் விழுந்தன. கோபத்தில் போட்ட பந்து என்று நினைத்துக்கொண்டோம். இரண்டாவது விழுந்தது. மூன்று. நான்கு. ஐந்தாவதில் டுவேன் என்னமோ சொல்ல வாயெடுத்து, முழுங்கிவிட்டான். ஆறாவது விழுந்ததும் கடையில் வழக்கமாக நடப்பது நடந்தது.

யாரும் பேசவில்லை. ஒருவர் தொடர்ந்து சாய்த்துக்கொண்டே போனால் அவரிடம் பேசக் கூடாது, எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது, ஆறாவது விழுந்தபோது எப்படி இருந்தோமோ அப்படியே இருக்க வேண்டும். இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள். எழுதிய சட்டங்களை நாங்கள் இந்த அளவுக்கு மதித்ததில்லை.

எனக்கு வாய்த்தது ஓர் ஊறுகாய் முட்டை. பாதி கடித்தது, வலது கையில். டுவேனுக்கு இன்னும் மோசம். நாடா கட்டுவதற்காக ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்திருந்தான். தன் முறை வரும்போது வீசிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அதே காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். மதுக்கூடத்தில் ஸ்டாஷ் ஒரே கிளாஸைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஏழாவதும் விழுந்தது. அப்போதுதான் கதவு திறந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்! என்ன, ஒரே அமைதியா இருக்கு?"

சாம்பல் நிறக் கோட்டு, பளபள ஷூ, முப்பது வயசு இருக்கும். கிரெய்க் டன்லீவி என்று பெயர், பிறகுதான் தெரிந்தது. முப்பது பேர் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்த பார்வைக்கு வேறொருவன் அப்படியே வெளியே போயிருப்பான். இவர் நேராகத் தடத்தை நோக்கி நடந்தார்.

ஸ்டாஷ் குறுக்கே பாய்ந்தான், கிளாஸும் துணியுமாக. "சார்," என்று கிசுகிசுத்தான். "ஷூ."

"நான் விளையாட வரல. ஒரு அறிவிப்பு வாசிக்கணும்."

"அறிவிப்புக்கும் ஷூ மாத்தணும். மரத் தரை. உங்க அளவு என்ன, பதினொண்ணா?"

"சரி, குடுங்க."

"அடமானம்."

"என்னது?"

"வாடகை ஷூவுக்கு அடமானம் வைக்கணும். கார் சாவி, இல்லாட்டி கடிகாரம். போன மாசம் நாலு ஜோடி நடந்தே போயிடுச்சு."

சாவியைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பாதி சிவப்பும் பாதி பச்சையுமான ஷூவில், கோட்டோடு, என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வாயை அடைக்க வேறு வழி தெரியாத ஸ்டாஷ், பொரித்த சீஸ் கட்டிகள் ஒரு தட்டு கொண்டுவந்து அவர் கையில் திணித்தான். சரியாக அந்த நொடியில் ஆர்லீனின் எட்டாவது பந்து போய் இடித்தது. பத்தும் பறந்தன.

முடிந்தது. அவரும் மாட்டிக்கொண்டார். தட்டைக் கீழே வைக்கப் போனார், டுவேன் ஒற்றைக் காலில் நின்றபடி தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவர் என் பக்கம் குனிந்தார்.

"பாத்ரூம் எங்க இருக்கு?"

"இருக்கு," என்றேன் உதடு அசையாமல். "இப்ப இல்ல."

"எனக்கு அவசரம். விமானத்துல இருந்து நேரா வர்றேன்."

"அந்தம்மாவுக்குப் பதினஞ்சு வருஷமா அவசரம்."

ஒன்பதாவது விழுந்தது. பக்கத்துத் தடங்களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் மூன்று பந்துகளை அடுத்தடுத்துப் போட வேண்டும். ஆர்லீன் தன் பழுப்புச் சிவப்புப் பந்தைத் துடைத்தாள். பதினான்கு பவுண்டு. அதன் பிசினை அவளே ஊற்றினாள், நான்தான் தேய்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. பத்தாவது விழுந்தது. பந்து அடிவழியாக உருண்டு திரும்பி வருகிற சத்தம் மட்டும் கேட்டது. பதினோராவது விழுந்தது.

கிரெய்க் நிமிர்ந்து மதுக்கூடத்தின் மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மதுக்கூடங்களில் கடிகாரம் கால் மணி நேரம் முந்தித்தான் ஓடும். வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள், கடை மூடுகிற நேரத்துக்குக் குடித்தவர்களைக் கிளப்புவதற்காக. குடித்தவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் கிளம்புவார்கள், அது வேறு விஷயம். உண்மையில் அப்போது நாலே முக்கால்.

அட்லாண்டாக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் சீஸ் தட்டோடு எழுந்தார், பையிலிருந்து காகிதத்தை எடுத்து உதறினார். காகிதச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. என்னால் அவரை இழுத்து உட்கார வைக்க முடியாது, கையில் முட்டை. ஆனால் புள்ளி எழுதுவது நான்தான் என்பதால் பென்சில் மடியில் கிடந்தது. புள்ளிச் சீட்டின் பின்பக்கம் இடது கையால் எழுதினேன். வலது கையாலேயே எனக்குப் பெரிய எழுத்துத்தான் வரும், நாற்பத்து நாலு வயசில் கற்றுக்கொண்ட எழுத்து. இடது கையில் அது வேலி மாதிரி வந்தது. 'கடிகாரம் பொய். உட்கார்.' தூக்கிக் காட்டினேன்.

அவர் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதியது குடிகாரன் என்று முடிவு செய்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

"ப்ளாக்ஹார்ன் நிறுவனத்தின் ஊழியர்களே..."

ஆர்லீன் திரும்பினாள். நாங்கள் பேசக் கூடாதே தவிர, பந்து போடுகிறவர் பேசக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரைத் தலையிலிருந்து பச்சை சிவப்பு ஷூ வரைக்கும் பார்த்தாள்.

"தம்பி, அந்தக் காகிதத்துல எத்தனை வரி இருக்கு?"

அவர் உண்மையிலேயே எண்ணினார். "இருபத்திரண்டு."

"என் கையில ஒரு பந்துதான் இருக்கு. எது சின்னதோ அது மொதல்ல போகட்டும். உக்காரு, கண்ணு."

அவர் உட்கார்ந்தார்.

ஆர்லீன் ஐந்து எட்டு வைத்து வீசினாள். கையை விட்டுப் போன உடனேயே எனக்குத் தெரிந்தது, கொஞ்சம் விலகிப் போகிறது என்று. பந்து முன்கட்டையின் ஓரத்தைத்தான் தொட்டது. மற்றவை சோம்பலாக ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன. ஒன்பது. வலது மூலைக் கட்டை நின்றது. அதே கட்டை, அதே மூலை. கொஞ்சம் ஆடியது, பிறகு ஆடுவதையும் நிறுத்திக்கொண்டது. ஆர்லீன் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். அவள் அதை ஒரு தடவை பார்த்தாயிற்று, மறுபடியும் பார்க்க விரும்பவில்லை.

அதனால் நடந்ததை அவள் மட்டும்தான் பார்க்கவில்லை. இடது பக்கச் சுவரில் மோதிய ஒரு கட்டை படுத்தபடியே, அவசரமே இல்லாமல், தடத்தின் குறுக்கே உருண்டு வந்தது. சாப்பிட்டுவிட்டுப் புரண்டு படுப்பதைப் போல. மூலைக் கட்டையின் காலைத் தட்டியது. அது யோசித்தது. விழுந்தது.

என் முட்டை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. டுவேன் கத்திக்கொண்டே காலைக் கீழே வைத்தான். கால் மரத்துப்போயிருந்தது, அப்படியே தரையில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கத்தினான். ஸ்டாஷ் அந்தக் கிளாஸை உடைத்தான். ஆர்லீன் எங்கள் முகங்களைப் பார்த்து, பின் மெதுவாகத் திரும்பித் தடத்தைப் பார்த்து, "எங்கடா போச்சு அது?" என்றாள்.

கிரெய்க்கும் கத்தினார், நான் பார்த்தேன். தட்டை என் மடியில் வீசிவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது மறுபடியும் அட்லாண்டாக்காரராக இருந்தார். "அம்மா, ரொம்ப சந்தோஷம். மனசாரச் சொல்றேன். ஆனா நீங்க கடைசிப் பந்தைப் போட்டப்ப மணி அஞ்சு தாண்டிடுச்சு. நானே பார்த்தேன். அஞ்சு மணிக்கு ப்ளாக்ஹார்ன் முடிஞ்சு போச்சு. இல்லாத கம்பெனியோட பலகையில நான் எப்படிப் பேர் எழுதச் சொல்றது?"

"கடிகாரம் முன்ன ஓடுதுன்னு எழுதிக் காட்டினேனே!" என்றேன்.

"கால் மணி நேரம் முன்ன ஓடுது சார்," என்றான் ஸ்டாஷ். "எங்கப்பன் காலத்துல இருந்து."

முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. முப்பது பேர் ஒரே நேரத்தில் சொல்கிற எதையும் அவர் படித்த படிப்பில் நம்ப மாட்டார்கள்.

"உங்களுக்கு வசதியா இருக்குற பக்கமா ஓடுது," என்றார்.

"அப்ப உங்க கடிகாரத்தையே பாருங்க!" ஸ்டாஷ் கல்லாவிலிருந்து அடமானத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தான். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

ஐந்து ஐம்பத்து மூன்று.

ஸ்டாஷ் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தான். ஆர்லீன் பந்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்க ஆரம்பித்தாள். டுவேன் தரையிலிருந்தபடி, "இவங்க ஊர்க் கடிகாரமும் கம்பெனி பக்கம்தான்," என்றான்.

கிரெய்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்தது. பிறகு முகம் முழுவதும்.

"இது அட்லாண்டா மணி," என்றார் மெதுவாக. "ராத்திரியே திரும்பப் போறேன்னு நான் மாத்தல. அங்க ஒரு மணி நேரம் கூட." அவர் விரலால் கணக்குப் போட்டார். "நாலு ஐம்பத்து மூணு."

அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதை ஆர்லீனும் யோசித்திருக்க வேண்டும், பையின் ஜிப்பை அப்படியே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கா, தம்பி?"

"ஆறு. பென்சில் யார்கிட்ட?"

மதுக்கூடத்து மேசையில் புள்ளிச் சீட்டை வைத்து, என் பென்சிலால் எழுதினார். ஆர்லீன் வாச்சல், முந்நூறு, ப்ளாக்ஹார்ன் பந்து. நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு எல்லோரும் முண்டியடித்தார்கள். ப்ளாக்ஹார்ன் கம்பெனியின் கடைசிக் காகிதத்தில் மீன் எண்ணெய்க் கறை இருக்கிறது.

உண்மையான ஐந்து மணிக்கு அவர் தன் இருபத்திரண்டு வரிகளை வாசித்தார். அதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள், மீதிப் பேர் வண்டியைச் சூடாக்க வெளியே போயிருந்தார்கள். ஆர்லீன் மட்டும் மீன் தட்டோடு எதிரில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"நல்லா வாசிச்சே," என்றாள். "மீன் சாப்பிடு. ஷூவைக் குடுத்துட்டுப் போ."

திங்கட்கிழமை பலகையில் அவள் பெயரை நான்தான் வெட்டினேன், முப்பத்திரண்டாவது. அதற்குக் கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது. பலகையை இன்னும் யாரும் கழற்றவில்லை, கழற்ற உத்தரவு போட வேண்டியவர் யார் என்று கோர்லண்டிலேயே தெரியவில்லையாம். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். கிடங்கில் இருந்த நாலாயிரம் பந்துகளிலிருந்து கொம்பைத் தேய்த்து எடுக்க வேண்டும், பிறகு நட்சத்திரம் வெட்ட வேண்டும். தோள்பட்டை ராத்திரியெல்லாம் பேசியது.

பிப்ரவரியில் மோதிரம் வந்தது. பழைய மோதிரத்தின் அச்சு எங்கோ தொலைந்துவிட்டதாம், நட்சத்திரம் போட்டு அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆர்லீன் அதை என் எந்திரத்தின் மேல் வைத்தாள்.

"தேய்."

"தங்கம் குறையும், ஆர்லீன்."

"நாலாயிரம் கொம்பு தேய்ச்சியே, ஒரு நட்சத்திரம் தேய்க்க மாட்டியா?"

தேய்த்தேன். மிக மெல்லிய காகிதம், நிறையத் தண்ணீர். நட்சத்திரம் போய், என் மூக்கு தெரிந்தது.

"கொம்பு வெட்டட்டுமா?"

அவள் விரலில் போட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். "வேணாம். வழவழன்னு நல்லாத்தான் இருக்கு."

அப்போது டுவேன் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தான். "என்ன, இருநூத்தித்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு நின்றான். நவம்பரிலிருந்து இப்படித்தான், தினமும் அந்த இடம் வந்ததும் நிற்பான். அன்றைக்கு வேறு வழியில்லாமல் முதல் தடவையாக முடித்தான்.

"ஆர்லீன்," என்றான், புதுசாக வேலைக்குச் சேர்ந்தவளைக் கூப்பிடுவது போல. "காபி ஆச்சா?"

"நீயே போட்டுக்க," என்றாள் ஆர்லீன்.